இக்னிஷன் லாக் செட்: பொருள் தேறியது, குறிப்புத்தாள் தேறவில்லை

காரில் சாவி போடும் இடத்துக்குப் பின்னால் இரண்டு தனித்தனி உறுப்புகள் இருக்கின்றன என்பது, அவற்றில் ஒன்று பழுதாகும் வரை பலருக்கும் தெரிவதில்லை. தன் உள்ளிருக்கும் தகடுகள் சாவியின் வெட்டுகளோடு பொருந்தினால் மட்டுமே திரும்ப விடும் லாக் சிலிண்டர் ஒன்று. அந்தத் திருப்பத்தை வாங்கிக்கொண்டு, பேட்டரியின் மின்சாரத்தை ரேடியோவுக்கோ எஞ்சினுக்கோ செல்ஃப் மோட்டாருக்கோ பிரித்து அனுப்பும் இக்னிஷன் ஸ்விட்ச் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பெட்டியில் வரும் மாற்று லாக் செட் ஒன்றை வாங்கி, என் காரில் நானே பொருத்தி, எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கார் தயாரித்த நிறுவனத்தின் அசல் உதிரிபாகம் அன்று. அதற்கு ஈடாக வேறொருவர் செய்து விற்கும் பொருள். செய்தவரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நான் எழுதவிருக்கும் குறை அவர் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றாதது அதற்குக் காரணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலோகமும் மின்தொடுமுனைகளும் நான் எதிர்பார்த்ததை விடத் தரமாக இருக்கின்றன; ஆனால் பெட்டிக்குள் வைத்திருக்கும் குறிப்புத்தாளின் கடைசி வரி, அதை அப்படியே நம்புகிறவரின் ஒரு நாள் முழுவதையும் விழுங்கக்கூடியது. "கழற்றியதற்குத் தலைகீழ் வரிசையில் பொருத்தவும்" என்பதுதான் அந்த வரி. சக்கரத்துக்கும் கண்ணாடிக்கும் பொருந்தும் அறிவுரை இது. இந்தப் பொருளுக்குப் பொருந்தாது. நாம் கழற்றிய பழைய ஸ்விட்ச் எந்த நிலையில் நின்றதோ, அதே நிலையில் புதிய ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வருவதில்லை.

மாற்ற வேண்டிய தேவை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடுபள்ளத்தில் இறங்கும்போது டேஷ்போர்டு விளக்குகள் ஒரு கணம் அணைந்து எரிந்தன. ப்ளோயர் சில நாள்கள் ஓடியது, சில நாள்கள் ஓடவில்லை. சாவியை லேசாக மேலும் கீழும் அசைத்தால் ரேடியோ உயிர் பெற்றது. ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றது. ஸ்டீயரிங் காலத்தின், அதாவது ஸ்டீயரிங் சக்கரத்தைத் தாங்கும் தண்டுக்கூட்டின், கீழ்க்கவரைக் கழற்றிப் பார்த்தபோது, ஸ்விட்சில் செருகியிருந்த கப்ளரின் (கம்பிகளை இணைக்கும் செருகியின்) ஒரு முனை பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி வளைந்திருந்தது. உள்ளே தொடுமுனை தேய்ந்து, தடை கூடி, அந்தத் தடையே சூடாக மாறிய அடையாளம் அது. ப்ளோயரும் முன்விளக்கும் எரியும்போது ஸ்விட்சின் உள்வரும் முனைக்கும் வெளிச்செல்லும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 0.8 வோல்ட் அங்கேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது. நல்ல தொடுமுனையில் இது 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சிலிண்டரும் முதுமை எய்தியிருந்தது: சாவி பாதி நுழைந்த நிலையிலேயே திரும்பத் தொடங்கியிருந்தது. ஆகவே ஸ்விட்ச் மட்டும் வாங்குவதற்குப் பதிலாக முழு லாக் செட்டையே வாங்கினேன்.

பெட்டியில் இருந்தவை: துத்தநாகக் கலவை வார்ப்பில் செய்த சிலிண்டர், அதற்குரிய இரண்டு சாவிகள், கறுப்பு நைலான் உடலுடைய ஸ்விட்ச், இரண்டு திருகுகள், நான்கு படங்கள் அச்சிட்ட குறிப்புத்தாள். சிலிண்டரின் வார்ப்பு விளிம்புகள் சுத்தமாகச் சீவப்பட்டிருந்தன. மலிவான வார்ப்புகளில் காணும் கூரான பிசிறுகள் இல்லை. ஸ்விட்சின் மின்முனைகள் வெள்ளீயம் பூசிய பித்தளை. பழைய கப்ளரைச் செருகிப் பார்த்தபோது இறுக்கமாகவே அமர்ந்தது. (ஆனால் உருகிய அந்தப் பழைய கப்ளரைப் புதிய ஸ்விட்சில் மாட்டுவது, நோயாளியின் துணியை நலமானவருக்கு உடுத்துவது போன்றது, பழுப்பேறிய முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்திய பிறகே மேற்கொண்டு போனேன்.) ஸ்விட்சின் பக்கவாட்டில் இருந்த சிறு துளையில் சிவப்பு நிறப் பிளாஸ்டிக் ஊசி ஒன்று குத்தப்பட்டிருந்தது. அது எதற்கு என்று குறிப்புத்தாளின் நான்கு படங்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. இந்த மதிப்புரையில் பாதி அந்த ஊசியைப் பற்றியதுதான்.

பொருத்துவதற்கு முன் ஸ்விட்சை மேசையில் வைத்துச் சோதித்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். பத்து நிமிட வேலை. ஐரோப்பிய முறையில் எண்ணிட்ட முனைகளைப் படிப்பது எளிது: 30 என்பது பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், 75 என்பது ரேடியோ போன்ற துணைக்கருவிகள், 15 என்பது எஞ்சின் ஓடத் தேவையான இக்னிஷன் சுற்று, 50 என்பது செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கட்டளை. லாக் நிலையில் 30 எதனோடும் சேரக் கூடாது. ஏசிசி எனப்படும் துணைக்கருவி நிலையில் 75 மட்டும் உயிர் பெற வேண்டும். ஆன் நிலையில் 75, 15 இரண்டும். ஸ்டார்ட் நிலையில் 15 தொடர்ந்து இருக்க, 50 சேர வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்த ஒரு கணத்துக்குத் துணைக்கருவிகள் துண்டிக்கப்படும், பேட்டரியின் முழு வலுவும் செல்ஃப் மோட்டாருக்குக் கிடைப்பதற்காக. எனக்கு வந்த ஸ்விட்ச் நான்கு நிலைகளிலும் சரியாக நடந்துகொண்டது. மீட்டர் காட்டிய தடை, இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் வரும் அளவைவிடக் கூடுதலாக இல்லை. அதாவது மின்வேலையில் குறை சொல்ல இடமில்லை.

இன்னொன்றையும் மேசையில் வைத்தே பார்த்தேன்: ஒவ்வொரு நிலையிலும் ஸ்விட்ச் எவ்வளவு உறுதியாக "டக்" என்று அமர்கிறது என்பது. இதை அழகுக்காகப் பார்க்கவில்லை. 2014-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், அவற்றின் இக்னிஷன் ஸ்விட்சில் இந்தப் பிடிப்பு போதாமல் இருந்ததுதான். கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, முழங்கால் இடித்தாலோ சாவி ஆன் நிலையிலிருந்து ஏசிசிக்கு நழுவியது. எஞ்சின் நின்றது, ஸ்டீயரிங்கின் உதவி விசை போனது, மோதலின்போது ஏர்பேக்குகள் விரியவில்லை. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. இந்த வரலாற்றில் உதிரிபாகம் வாங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய சிறு செய்தியும் உண்டு: குறையுள்ள அந்த உறுப்பு பிற்காலத்தில் திருத்தி வலுவாக்கப்பட்டபோது, அதன் பாக எண் மாற்றப்படவில்லை. எண் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று எண்ணிவிட முடியாது. நான் வாங்கியதில் ஆன் நிலையின் பிடிப்பு என் பழைய ஸ்விட்சைவிட அழுத்தமாக இருந்தது. ஸ்டார்ட் நிலையிலிருந்து விட்டவுடன் சுருள்வில் அதைத் தயக்கமின்றி ஆன் நிலைக்குத் திருப்பி எறிந்தது. இந்த இரண்டுக்காகவும் பொருளுக்கு நல்ல மதிப்பெண் தருகிறேன்.

இனிக் கழற்றும் கட்டம். பேட்டரியின் மைனஸ் முனையை எடுத்துவிட்டு, ஏர்பேக் சுற்றில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்கு வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும் நேரம் வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டும். ஸ்டீயரிங் காலத்தில் கை வைக்கும் எந்த வேலைக்கும் இது விலக்கில்லாத விதி. முன்சக்கரங்கள் நேராக இருக்கட்டும். என் காரில் ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றத் தேவைப்படவில்லை, ஆகவே அதன் அடியிலிருக்கும் ஏர்பேக் சுருள் நாடாவைத் தொடும் ஆபத்தும் இல்லை. சிலிண்டரை வெளியே எடுக்கச் சாவியை ஏசிசி நிலைக்குத் திருப்பி, சிலிண்டர் அமர்ந்திருக்கும் கூட்டின் அடிப்பக்கத் துளையில் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மழுங்கிய கம்பியைச் செலுத்தி, உள்ளிருக்கும் பிடிப்பு முள்ளை அமுக்கிக்கொண்டே சாவியோடு சேர்த்து வெளியே இழுத்தால், சிலிண்டர் கையோடு வந்துவிடும். ஏசிசி நிலையில் மட்டுமே முள்ளும் துளையும் நேருக்கு நேர் வரும். சில கார்களில் அது ஆன் நிலையாக இருக்கும். வேறு நிலையில் வைத்துக்கொண்டு எவ்வளவு குத்தினாலும் முள் அசையாது.

சிலிண்டரின் கடைசியில் பற்கள் கொண்ட சிறு வளைவு இருந்தது. அந்தப் பற்கள், ஸ்டீயரிங் காலத்தின் நெடுக்கே நகரும் பற்சட்டம் ஒன்றைக் கவ்வியிருந்தன. சாவி திரும்பினால் சட்டம் நகரும். சட்டத்தின் மறுமுனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு, கீழே பொருத்தியிருக்கும் ஸ்விட்சின் காடிக்குள் நுழைந்து, அதை ஒவ்வொரு படியாகத் தள்ளும். ஸ்டீயரிங்கைப் பூட்டும் தாழும் அதே சட்டத்தோடுதான் இணைந்திருக்கிறது. சாவியைத் திருப்பி எஞ்சினை எழுப்பும் முறையைக் கிரைஸ்லர் நிறுவனம் 1949-இல் கொண்டுவருவதற்கு முன், செல்ஃப் மோட்டாருக்குத் தனிப் பொத்தானோ மிதியோ இருந்தது; பூட்டு, துணைக்கருவி, இக்னிஷன், செல்ஃப் என்ற நான்கு வேலைகளையும் ஒரே கைத்திருப்பத்தில் அடக்கியதற்குக் கொடுத்த விலைதான் இந்தப் பற்களின் கணக்கு.

குறிப்புத்தாள் சொன்னபடியே நடந்தேன். பழைய ஸ்விட்சின் இரண்டு திருகுகளைக் கழற்றி, அதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். சட்டத்தின் நாக்கு புதிய ஸ்விட்சின் காடிக்கு நேராக வரவில்லை. சட்டத்தைச் சிறிது பின்னுக்குத் தள்ளியதும் வந்தது. நாக்கு நுழைந்தது, திருகுகளை முடுக்கினேன், சிவப்பு ஊசியைப் பிடுங்கினேன், சாவியை ஏசிசியில் வைத்துச் சிலிண்டரை உள்ளே தள்ளினேன், பிடிப்பு முள் இனிமையான ஓசையோடு தன் துளையில் விழுந்தது. ஒவ்வொரு படியும் சரியாக அமைந்ததாகவே தோன்றியது. பேட்டரியை இணைத்துச் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினேன். ரேடியோ மட்டும் பேசியது. ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பினேன். டேஷ்போர்டு விளக்குகள் அனைத்தும் எரிந்தன. செல்ஃப் மோட்டார் மூச்சுவிடவில்லை. சரி, நிறுத்திவிட்டுப் பார்ப்போம் என்று பின்னுக்குத் திருப்பினால் சாவி ஏசிசியோடு நின்றுவிட்டது. லாக் நிலைக்குப் போக மறுத்தது. ஆகவே சாவியை வெளியே எடுக்கவும் முடியவில்லை.

அப்போது எனக்கு வந்த முதல் எண்ணம், வந்த பொருள் பழுது என்பதுதான். மேசையில் சோதிக்காமல் இருந்திருந்தால் அதைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். இதே வகைப் பொருள்களைப் பற்றி வாங்கியவர்கள் எழுதும் குறைகளில் "செல்ஃப் எடுக்கவில்லை", "சாவி மாட்டிக்கொண்டது" என்ற இரண்டும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவற்றில் ஒரு பங்காவது என்னைப் போன்றவர்கள் எழுதியதாகத்தான் இருக்கும் என்று இப்போது சந்தேகிக்கிறேன்.

நடந்தது இதுதான். சிவப்பு ஊசி, ஸ்விட்சை லாக் நிலையில் அசையாமல் பிடித்திருந்தது. பயணத்தில் குலுங்கி இடம் மாறாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையில் குத்தி அனுப்புகிறார்கள். அது நல்ல ஏற்பாடே. ஆனால் நான் சிலிண்டரை ஏசிசியில் வைத்து எடுத்ததால், சட்டம் ஏசிசியில் நின்றது. நாக்கு காடிக்கு நேராக வரவில்லை என்று சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளினேனே, அந்தச் சிறு தள்ளலில்தான் சட்டம் லாக் நிலைக்குப் போயிற்று. பின்னர் ஏசிசியில் இருந்த சிலிண்டரை, லாக் நிலையில் இருந்த சட்டத்தோடு பல்லுக்குப் பல் கோத்துவிட்டேன். அந்தக் கணம் முதல் ஸ்விட்ச் எப்போதும் சாவிக்கு ஒரு படி பின்னால் நடந்தது. சாவி ஏசிசியில் இருக்கும்போது ஸ்விட்ச் லாக்கில். சாவி ஆனில் இருக்கும்போது ஸ்விட்ச் ஏசிசியில். சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போது ஸ்விட்ச் ஆனில். செல்ஃப் மோட்டாருக்கு உரிய படியை அது தொடவே வழியில்லை. சாவி லாக்கிற்குத் திரும்ப வேண்டுமானால் சட்டம் இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். அதுவோ ஏற்கெனவே கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் மோசமானது. ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கும்போது சிலிண்டரை ஏசிசியில் வைத்துக் கோத்துவிட்டால், ஸ்விட்ச் சாவிக்கு ஒரு படி முன்னால் நடக்கும். சாவியை லாக்கில் வைத்துக் கையில் எடுத்துக்கொண்டு போன பிறகும் துணைக்கருவிச் சுற்று உயிரோடு இருக்கும், ஓரிரு நாளில் பேட்டரி உட்கார்ந்துவிடும். ஆன் நிலைக்குத் திருப்பும்போதே செல்ஃப் மோட்டார் சுழலத் தொடங்கும். கியரில் நிற்கும் வண்டியாக இருந்தால் முன்னுக்குத் துள்ளும். ஸ்டீயரிங் தாழ் எந்நாளும் விழாது. இவை இரண்டும் ஒரு முழுப் படிப் பிழைகள், ஆகவே உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு படிக்கு இரண்டு மூன்று பற்கள் இருக்கும் அமைப்பில் ஒரே ஒரு பல் மட்டும் தவறுவதுதான் நயவஞ்சகமான பிழை. வண்டி கிளம்பும், ஓடும், நிற்கும். ஆனால் சாவி எந்த நிலையிலும் தெளிவாக அமராமல் பஞ்சுபோல் இருக்கும். உள்ளே தொடுமுனைகள் முழுப்பரப்பில் சேராமல் ஓரத்தில் மட்டும் ஒட்டியபடி மின்சாரத்தைத் தாங்கும். பொறி தெறித்து, சூடேறி, சில மாதங்களில் புதிய ஸ்விட்ச் நான் எடுத்தெறிந்த பழையதைப் போலவே பழுப்பேறும்.

இரண்டாம் முறை செய்ததை விரிவாகவே எழுதுகிறேன், குறிப்புத்தாளில் இருந்திருக்க வேண்டியது இதுதான் என்பதால். மீண்டும் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிக் காத்திருந்தேன். சாவி ஏசிசியில் நின்றதால் பிடிப்பு முள்ளை அமுக்கிச் சிலிண்டரை எடுப்பதில் தடையில்லை. ஸ்விட்ச் தன் இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கப்ளரை மட்டும் உருவி, மீட்டரின் ஒரு கம்பியை 30-இலும் மற்றதை 75-இலும் வைத்தேன். சிலிண்டர் இருந்த குழிக்குள் மெல்லிய திருப்புளியை விட்டுச் சட்டத்தை முதலில் லாக் பக்கத்துக் கடைசி வரை தள்ளி, அங்கிருந்து ஒரே ஒரு "டக்" முன்னால் கொண்டுவந்தேன். மீட்டர் ஒலித்தது. கம்பியை 15-க்கு மாற்றினேன், ஒலி இல்லை. 75 சேர்ந்து 15 சேராமல் இருப்பது ஏசிசியில் மட்டுமே நிகழும், ஆகவே ஸ்விட்ச் எந்த நிலையில் நிற்கிறது என்பதில் இனி ஊகத்துக்கு இடமில்லை. பிறகு சாவியைச் சிலிண்டரில் போட்டு, அதையும் ஏசிசியில் நிறுத்தி, சாய்க்காமல், திருகாமல், நேராக உள்ளே தள்ளினேன். கடைசி 2 மில்லிமீட்டரில் பற்கள் முட்டினால் வலுவாகத் தள்ளக் கூடாது. முட்டுகிறது என்றால் பல் பல்லின் உச்சியில் நிற்கிறது என்று பொருள். சாவியை மயிரிழை அளவு அசைத்தால் தானே விழும். அரைப்படி திருப்பினால்தான் விழும் என்ற நிலை வந்தால் சட்டம் இடம் மாறிவிட்டது, வெளியே எடுத்து மீட்டரை மறுபடி பார்க்க வேண்டும்.

முள் விழுந்த பிறகும் பேட்டரியை நான் இணைக்கவில்லை. கப்ளர் இல்லாத ஸ்விட்சில் மீட்டரை வைத்துக்கொண்டு, சாவியை நான்கு நிலைகளுக்கும் திருப்பி, ஒவ்வொன்றிலும் எந்த முனைகள் சேர்கின்றன என்று பார்த்தேன். சாவி லாக்கிற்குச் சென்று வெளியே வருகிறதா, ஸ்டார்ட்டிலிருந்து விட்டவுடன் ஆனுக்குத் துள்ளித் திரும்புகிறதா என்பதையும் பத்துப் பன்னிரண்டு முறை பார்த்தேன். எல்லாம் ஒத்துவந்த பிறகே கப்ளரும் பேட்டரியும். முதல் திருப்பத்திலேயே எஞ்சின் எழுந்தது. முதல் முயற்சிக்கு மூன்று மணி நேரம் ஆனது. பேட்டரிக்காகக் காத்திருந்ததைக் கழித்துவிட்டால் இந்த இரண்டாம் முயற்சி நாற்பது நிமிடம்தான்.

எல்லாக் கார்களிலும் இதே அமைப்பு இருக்காது. பல கார்களில் பற்சட்டம் கிடையாது. சிலிண்டரின் பின்முனையில் தட்டையான நாக்கு ஒன்று நேராக ஸ்விட்சின் காடிக்குள் நுழையும். அவற்றில் நிலை பொருந்தாவிட்டால் சிலிண்டர் முழுவதும் உள்ளே போகாமல் சில மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், முள் விழாது. அது தன் தவறைத் தானே சொல்லிவிடும் அமைப்பு. சுத்தியலால் தட்டி நாக்கை முறிப்பவர்களைத் தவிர யாரும் பெரிதாகத் துன்பப்படத் தேவையில்லை. பழைய கார்கள் சிலவற்றில் ஸ்விட்ச் ஸ்டீயரிங் காலத்தின் நடுவில் இருக்கும், நீண்ட கம்பி ஒன்று அதை இயக்கும், ஸ்விட்சின் திருகுத் துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும். அங்கே சிலிண்டரையும் ஸ்விட்சையும் ஒரே நிலையில் நிறுத்தி, ஸ்விட்சின் சிறு துளையில் துரப்பணத் தண்டு ஒன்றைச் செருகிப் பூட்டி, கம்பியின் தளர்ச்சி போகும்படி ஸ்விட்சை நகர்த்தித் திருகுகளை முடுக்கி, பிறகு தண்டை உருவ வேண்டும். என் பெட்டியில் வந்த சிவப்பு ஊசி அந்தத் தண்டின் வேலையையும் செய்யக்கூடியதுதான். அந்த ஊசியைக் குத்தியவர் அதன் பயனை அறிந்திருக்கிறார்; தாளை எழுதியவர் அறியவில்லை. லாக் நிலைக்குப் பதிலாக ஏசிசி நிலையில் அதைக் குத்தி அனுப்பியிருந்தால், என்னுடையதைப் போன்ற கார்களில் முதல் முயற்சியிலேயே வேலை முடிந்திருக்கும்.

வண்டியைச் சாலைக்கு எடுக்கும் முன் ஸ்டீயரிங் தாழைத் தனியாகச் சோதித்தேன். சாவியை எடுத்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினால் தாழ் விழ வேண்டும். சாவியைப் போட்டு ஏசிசிக்கு வந்தவுடன் விலக வேண்டும். ஆன் நிலையில் இரு கடைசி வரை திருப்பினாலும் எங்கும் உரசும் ஓசையோ தடையோ இருக்கக் கூடாது. இதில் சிறு ஐயம் இருந்தாலும் ஓட்டக் கூடாது. இந்த வேலையில் உயிருக்கு நேரடியாக ஆபத்தான பகுதி இது. தானியங்கி கியர் கொண்ட கார்களில் இன்னொரு சோதனையும் உண்டு: பார்க் நிலையில் இல்லாதபோது சாவி லாக்கிற்குப் போகக் கூடாது.

சாவிகளைப் பற்றி வாங்குகிறவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. செட்டோடு வரும் சாவிகள் வெறும் உலோகம். இம்மொபிலைசர் (சாவியின் சிப்பை அடையாளம் காணாவிட்டால் எஞ்சினைக் கிளம்ப விடாத திருட்டுத் தடுப்பு) உள்ள காரில் அவை சிலிண்டரைத் திருப்பும், எஞ்சினை எழுப்பாது. சிலிண்டரின் முகப்பைச் சுற்றியிருக்கும் வளையச் சுருள், பழைய சாவியின் தலைக்குள் இருக்கும் சிப்பைத்தான் தேடும். என் காரில் பழைய சாவியின் தலையைப் பிரித்து, சிப்பை மட்டும் எடுத்துப் புதிய சாவியின் தலைக்குள் மாற்றிவைத்தேன். அதற்கான குழி புதிய சாவியில் இருந்தது, அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். இரண்டாவது சாவிக்குச் சிப் இல்லை, ஆகவே இப்போதைக்கு அது அலங்காரப் பொருள். கதவுகள் பழைய சாவிக்கே திறப்பதால் கொத்தில் இரண்டு சாவிகள் தொங்குகின்றன. பழைய சிலிண்டரின் தகடுகளைப் புதியதில் வரிசை மாறாமல் இட்டால் ஒரே சாவி போதும் என்பது உண்மை. ஆனால் தேய்ந்த தகடுகளைப் புதிய வீட்டில் குடியேற்றினால் பழைய தள்ளாட்டமும் கூடவே வந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். பூட்டு வேலை செய்பவரிடம் சாவியின் குறியீட்டு எண்ணைக் கொடுத்துப் புதிய தகடுகளை அமைத்துக்கொள்வதுதான் சரியான வழி. தேய்ந்த சாவியை மாதிரியாகக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டிக் கொடுப்பார்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு அதே ப்ளோயரையும் முன்விளக்கையும் போட்டு, அதே இரண்டு முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 0.05 வோல்ட். கப்ளர் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாகக்கூட இல்லை. சிலிண்டர் மூன்றாவது மாதத்தில் சிறிது இறுகியது. கிராஃபைட் தூளை ஊதியதும் சரியாயிற்று. எண்ணெயோ கிரீஸோ விடக் கூடாது, தூசியைப் பிடித்துத் தகடுகளைக் களிம்பாக்கிவிடும். கிரீஸ் பற்சட்டத்துக்கு மட்டும். சாவித் துவாரத்தைச் சுற்றி அசல் சிலிண்டரில் இருந்த ஒளிவளையம் இதில் இல்லை, இருட்டில் விரலால் தடவித்தான் துவாரத்தைக் கண்டுபிடிக்கிறேன். சாவியை உள்ளே விட்டு மறந்து கதவைத் திறந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் முன்போல் எப்போதும் ஒலிப்பதில்லை. சாவி இருப்பதை உணரும் சிறு நெம்புகோல் அசலைவிடக் குட்டையாக இருக்கிறது.

மீட்டரைக் கையாளத் தெரிந்தவருக்கும், ஸ்டீயரிங் காலத்தைத் திறந்து பழகியவருக்கும் இந்தச் செட்டைத் தயங்காமல் சொல்வேன், ஐந்துக்கு நான்கு. குறிப்புத்தாளை மட்டும் நம்பி இறங்குகிறவருக்கு இரண்டுதான். செய்தவருக்கு இதையெல்லாம் எழுதி, ஊசி எந்த நிலையில் குத்தப்பட்டிருக்கிறது என்ற ஒரே ஒரு வரியைத் தாளில் சேர்க்குமாறு கேட்டிருந்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: பொருளைப் பொருத்தும்போது, கழற்றியதற்குத் தலைகீழ் வரிசையைப் பின்பற்றுமாறு.